வளவுக்குள் நடந்தது

புளியந்தீவு, மட்டக்களப்பு
25.08.2021

அன்பின் மச்சானுக்கு,

அன்பின் என்று எழுதியது கைப் பழக்கம். கோபம் ஆறவில்லை.

போன் எடுக்கலாம்தான். ஆனால் முப்பது வருஷம் நெல் மில் மெசினுக்குப் பக்கத்தில் நின்று காதைக் கெடுத்துக்கொண்டவரோடு போனில் கதைப்பதென்றால் நான் கத்த வேண்டும். என் அண்ணன் வீட்டு விறாந்தையில் நின்று "மருந்து போட்டீங்களா, சாப்பிட்டீங்களா" என்று கத்தினால் ஒழுங்கை முழுவதும் கேட்கும். எங்கள் வீட்டுக் கதை சனத்துக்கு முன்னால் போனது ஒருமுறை போதும். தபால் கந்தோர் கிழமையில் இரண்டு நாள் திறக்கிறார்களாம். கடிதம் மட்டும் எடுப்பார்களாம், பார்சல் எடுக்கமாட்டார்களாம். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் அக்கா மகனின் வீடு குடிபூரலில் நீங்கள் தொதல் இனிப்புத் தட்டோடு மூலைக்குள் ஒதுங்கியதை நான் கண்டேன். வந்து தட்டை வாங்கினேன். அதற்கு, எல்லாருக்கும் கேட்க, "இவள் என்னைப் பட்டினி போட்டுத்தான் சாகடிக்கப் போறாள்" என்று சத்தம் போட்டீர்கள். உங்கள் சீனி வருத்தத்துக்காகத் தன் வாயையும் கட்டிக்கொண்டு ஆக்கிப் போட்டவளைப் பார்த்து அப்படிச் சொன்னீர்கள். ஒரு கிழமை அண்ணன் வீட்டில் இருந்தால் உங்களுக்கு விளங்கும் என்று இரண்டு சீலையோடு வெளிக்கிட்டேன். வந்து சேர்ந்த சூட்டோடு நாட்டைப் பூட்டிவிட்டார்கள்.

இனிக் கேளுங்கள். வெள்ளைச் சோறு வேண்டாம். சிவப்பரிசி ஒரு அகப்பை, மிச்சத் தட்டுக்கு மரக்கறி. காலையில் குரக்கன் பிட்டு. மா, குசினித் தட்டில் நீல மூடித் தகரத்துக்குள் இருக்கிறது. வேலியில் முருங்கை நிற்கிறது, இலையை உருவிச் சுண்டுங்கள். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. கிளினிக் மருந்து வீட்டுக்கே அனுப்புவார்களாம். வந்ததும் மறக்காமல் போடுங்கள்.

பின்னேரத்தில் ஆற்றங்கரை வீதியால் நடப்போமே, அதை நிறுத்த வேண்டாம். வெளியே விடமாட்டார்கள் என்றால் வளவுக்குள் நடங்கள். வேர்க்கும் வரைக்கும் நடங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு.

ஜோசப்பின்


பெரியகல்லாறு
31.08.2021

ஜோசப்பின்,

கடிதம் கிடைத்தது. மருந்தும் கிடைத்தது.

நீ தட்டை வாங்கவில்லை. பறித்தாய். நான் வாய்க்குள் வைத்த துண்டையும் துப்பச் சொன்னாய். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது கேட்காது, ஆனால் சனம் சிரிப்பது கண்ணுக்குத் தெரியும். நான் கத்தியது பிழைதான் என்று வைத்துக்கொள். அதற்கு முந்தி நடந்ததையும் நீ எழுதியிருக்க வேண்டும்.

இஞ்ச எல்லாம் சரி. எங்கள் ஒழுங்கையில் கொரோனா வருத்தக்காரர் கூடிவிட்டார்களாம். றோட்டு முனையைக் கயிறு கட்டி மறித்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அன்னப்பூரணியின் கேற்றில் தனிமைப்படுத்திய நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. மீன்காரனும் வருவதில்லை. கோயிலால் பார்சல் ஒன்று கொண்டுவந்து கேற்றடியில் வைத்துவிட்டுப் போனார்கள். சாப்பாட்டுக்குக் குறை இல்லை.

குரக்கன் பிட்டு அவித்தேன். முருங்கையிலையும் சுண்டினேன். பிட்டு கட்டியாகப் போனது, தின்னலாம்.

வளவுக்குள் நடக்கிறேன். கிணற்றடியால் போய், மாமரத்தைச் சுற்றி, கோழிக்கூட்டுப் பக்கத்தால் திரும்பி வருகிறேன். செக்கில் கட்டிய மாடு மாதிரி இருக்கிறது. ஆனால் நடந்து முடிக்கும்போது உடம்பு லேசாக இருக்கிறது. நீ சந்தோசப்படலாம்.

மத்தேயு


புளியந்தீவு
05.09.2021

அன்பின் மச்சானுக்கு,

நீங்கள் பிட்டு அவித்தீர்களா? மாவை வறுக்கத் தெரியாதவர், அவிக்கிற நீத்துப்பெட்டி எங்கே இருக்கிறதென்று கேட்காதவர், அவித்தேன் என்று ஒரு வரியில் எழுதுகிறீர்கள். நடக்கிறேன் என்றும் எழுதுகிறீர்கள். ஆற்றங்கரையில் நான் முன்னால் போய் நின்று நின்று கூப்பிட வேண்டிய ஆள், தனியே வேர்க்க வேர்க்க வளவைச் சுற்றுகிறாராம். என்னைச் சந்தோசப்படுத்த எழுதியது என்றால் வேண்டாம். நான் நம்பவில்லை.

இங்கே முதல் நாள் அண்ணன் பெண்சாதி தேத்தண்ணி தந்தாள். கேட்காமலே சீனி போட்டிருந்தாள். வாயில் வைத்ததும் என்னவோ போல் இருந்தது. உங்களுக்கு வருத்தம் என்று தெரிந்த நாளில் இருந்து நம் வீட்டுக்குச் சீனி வாங்கியதில்லை. எனக்கென்று ஒரு போத்தலில் ஒளித்து வைத்துக் குடித்திருக்கலாம். ஒருநாளும் செய்யவில்லை. அண்ணன் பெண்சாதிக்கு முன்னால் அழக்கூடாது என்று கிணற்றடிக்குப் போய்விட்டேன். பட்டினி போட்டேன் என்றால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறேன், அது உங்களுக்குத் தெரியவேண்டும்.

இங்கேயும் நான் சும்மா இருக்கவில்லை. விறாந்தையில் அந்தத் தலைப்புக்கும் இந்தத் தலைப்புக்கும் நடக்கிறேன். பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள், பரவாயில்லை. கதிரையில் இருந்துகொண்டு காலை நீட்டி மடக்குகிற பயிற்சி ஒன்று கிளினிக்கில் காட்டினார்களே, அதையும் செய்யுங்கள்.

உண்மையை எழுதுங்கள். என்ன சாப்பிடுகிறீர்கள்?

ஜோசப்பின்


பெரியகல்லாறு
11.09.2021

ஜோசப்பின்,

நான் பொய்க்காரன் என்று நீ முடிவெடுத்துவிட்டாய். பிறகு ஏன் கேட்கிறாய்?

நடப்பது பொய் என்று எழுதிவிட்டாய். அதை வாசித்த அன்றைக்கு விசர்க் கோபத்தில் மாமரத்தடியில் தலை சுற்றும் வரைக்கும் நடந்தேன். செருப்பின் வார் அறுந்து கனநாள். தைக்கிறவனும் இல்லை, கடையும் இல்லை. வெறுங்காலோடுதான் நடக்கிறேன். மண் பதமாக இருக்கிறது, காலுக்கு ஒன்றும் செய்யவில்லை. நீ பக்கத்தில் நின்று ஏவாமல், நானாக ஒரு வேலை செய்கிறேன். அதையும் நீ பறிக்கிறாய்.

இரண்டு மூன்று நாளாக நடக்கவில்லை. உடம்பு கணகணவென்று காய்கிறது. அந்த வருத்தம் எனக்கும் வந்துவிட்டதோ தெரியாது. இருமல் இல்லை. இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். யாருக்கும் சொல்லாதே, பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

வீட்டுக்குள் எங்கோ எலி செத்துக் கிடக்கிறது போல. ஒரே மணம். கட்டிலுக்குக் கீழே, பெட்டிக்குப் பின்னால், எல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டேன், அகப்படவில்லை. ஈ வேறு. நீ இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பாய்.

மத்தேயு


புளியந்தீவு
15.09.2021

மச்சான்,

அது எலி இல்லை. உங்கள் காலைப் பாருங்கள். முகம் வழிக்கிற கண்ணாடியை நிலத்தில் வைத்து, பாதத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். விரலிடுக்குகளைப் பாருங்கள். உங்கள் காலில் உணர்வு இல்லை என்று கிளினிக்கில் சொன்னார்களே, கண்ணாடித் துண்டு ஏறினாலும் உங்களுக்குத் தெரியாது. "காலுக்கு ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கடிதம் வந்து சேர நாளாகும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்களுக்குப் போன் எடுத்து எடுத்துப் பார்த்தேன், அது அடித்தது உங்களுக்குக் கேட்கவில்லை. அன்னப்பூரணி அக்காவுக்கு எடுத்தேன். அவள் வேலியால் கையைத் தட்டிக் கூப்பிட்டாளாம். நீங்கள் யன்னலால் எட்டிப் பார்த்து "ஒண்டுமில்லை" என்று கையைக் காட்டினீர்களாம்.

அண்ணனைக் கெஞ்சி மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். பாலத்தடியில் மறித்தார்கள். அங்கே காவலுக்கு நின்ற பொடியன், "பாஸ் இருக்கா? ஆருக்கு வருத்தம்? என்ன வருத்தம்?" என்று கேட்டான்.

"எலி மணக்குதெண்டு எழுதியிருக்கிறார் தம்பி" என்று சொன்னேன்.

அவனுக்கு விளங்கவில்லை. அண்ணனுக்கும் விளங்கவில்லை. சிரித்துவிட்டு, "போங்கம்மா, வீட்ட போங்க" என்றான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

அன்னப்பூரணி அக்காவை அம்புலன்சுக்கு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வந்தால் ஒளிக்க வேண்டாம். உங்கள் காலைப் பிடிக்கிறேன், ஏறிப் போங்கள்.

ஜோசப்பின்


ஆஸ்பத்திரி
22.09.2021

ஜோசப்பின்,

இதை இங்கே வாட்டில் வேலை செய்கிற இலட்சுமிப்பிள்ளை என்கிற மனுசியிடம் கொடுத்துவிடுகிறேன். அண்ணன் வீட்டு ஒழுங்கை தனக்குத் தெரியும் என்கிறாள்.

இடது கால், முழங்காலுக்குக் கீழே, எடுத்துவிட்டார்கள்.

சிப்பி ஓடு ஒன்று ஏறியிருந்ததாம். ஆற்று மண் பறித்து வளவுக்குள் போட்டோமே, அதோடு வந்திருக்கும். அது எப்போது ஏறியதோ, அதோடேயே நடந்திருக்கிறேன். டொக்டர் எழுதிக் காட்டினார். "நடக்க நடக்க உள்ளே போயிருக்கிறது" என்று எழுதினார். பிறகு, "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்" என்றும் எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

காய்ச்சல், அந்த வருத்தம் இல்லை. காலால் வந்தது.

உன் கடிதம் வரும்போது நான் அம்புலன்சுக்குள் இருந்திருக்கிறேன். அன்னப்பூரணி ஒரு ஆளைப் பிடித்து அதை இங்கே அனுப்பினாள், நேற்றுத்தான் வாசித்தேன். பாலத்தடியில் நின்றது பற்றி எழுதியிருக்கிறாய்.

யாரையும் உள்ளே விடமாட்டார்கள். வர வேண்டாம். சாப்பாடு பற்றியும் இனி எழுத வேண்டாம்.

மத்தேயு


புளியந்தீவு
25.09.2021

அன்பின் மச்சானுக்கு,

நீங்கள் வரவேண்டாம் என்றாலும் வந்தேன். ஆஸ்பத்திரி டவுனுக்குள் என்றபடியால் நடந்தே வந்துவிட்டேன். கேற்றில் நின்றவர் உள்ளே விடவில்லை, ஆனால் மரியாதையாகக் கதைத்தார். கொண்டுவந்த சாப்பாட்டை மட்டும் வாங்கி அனுப்பினார். சிவப்பரிசிச் சோறும், பாவற்காய்ப் பாற்கறியும், சூடை மீன் தீயலும். பின்னேரம் இலட்சுமிப்பிள்ளை அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். திறந்துகூடப் பார்க்கவில்லை நீங்கள்.

அவள் சொன்னாள், "அம்மா, அவர் செவரப் பாத்துக்கிட்டே படுத்திருக்கார். வாட்டுச் சாப்பாடும் எடுக்கிறாரில்ல. ஊசி போட்டா வயித்துக்குள்ள ஏதும் கிடக்கணும், இல்லாட்டி சீனி விழுந்துரும். நாங்க கத்தினாலும் அவருக்குக் கேக்காது. நீங்க எழுதுங்க." சொல்லிவிட்டு அவளும் கண்ணைத் துடைத்தாள். யாரோ எவரோ.

நான் என்ன எழுதுவேன். ஒன்று மட்டும் எழுதுகிறேன். நீங்கள் நடந்தது உண்மை என்று இப்போது எனக்குத் தெரியும். நான் நம்பவில்லை என்று எழுதியதும் தெரியும். அதை வாசித்துவிட்டுத்தான் நீங்கள் தலை சுற்றும் வரைக்கும் நடந்தீர்கள். அந்தக் கடிதத்தை நான் எழுதாமல் விட்டிருந்தால் என்று நினைத்து நினைத்துப் படுத்தாலும் நித்திரை வருவதில்லை.

என்னோடு கோபம் என்றால் என் சாப்பாட்டைத் திருப்புங்கள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தின்னுங்கள்.

ஜோசப்பின்


ஆஸ்பத்திரி
28.09.2021

கோபம் இல்லை. பசி இல்லை.

சாப்பாடு கொடுத்துவிடாதே.

மத்தேயு


பெரியகல்லாறு
02.10.2021

அன்பின் மச்சானுக்கு,

நேற்று நாட்டைத் திறந்தார்கள். விடிந்ததும் முகைதீன்பாவா காக்காவின் ஓட்டோவில் வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்களைத் துண்டு வெட்டி ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு விடுவதற்கு முந்தி வீட்டைச் சரி பண்ண வேண்டும் என்று வந்தேன்.

கேற்றைத் திறந்ததும் அதைத்தான் கண்டேன். வளவைச் சுற்றி ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கிறது. கிணற்றடியால், மாமரத்தைச் சுற்றி, கோழிக்கூட்டுப் பக்கத்தால். புல் செத்து, மண் இறுகி, ஒரு ஊருக்குப் போகிற பாதை மாதிரிக் கிடக்கிறது. நான் அதில் கால் வைக்கவில்லை. ஓரத்தால் சுற்றிப் போய்த்தான் கதவைத் திறந்தேன்.

பிறகு குசினிக்குள் போனேன். நீல மூடித் தகரத்தைத் திறந்தேன். குரக்கன் மா முழுக்கப் பூச்சி பிடித்து வலை கட்டிக் கிடக்கிறது. நான் போவதற்கு முந்தியே பிடித்திருக்க வேண்டும். சிவப்பரிசி வாளியின் அடி தெரிகிறது. வேலி முருங்கை நிற்கவில்லை, கட்டைதான் நிற்கிறது. கரண்ட் கம்பியில் முட்டுதென்று நான் போன மறுநாளே வந்து வெட்டினார்களாம், அன்னப்பூரணி அக்கா சொன்னாள். கோயில் பார்சலின் உறை மேசையில் கிடந்தது. அதில் எழுதியிருந்தது வெள்ளைப் பச்சையரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு. ஊரெல்லாம் சீனிக்கு அலைகிற நேரம், உங்களுக்கு அது சும்மா வந்திருக்கிறது. பருப்பு முடிந்திருக்கிறது. மா முடிந்திருக்கிறது. றொட்டி சுட்ட தாச்சி கருகிக் கிடக்கிறது. சீனிப் பையில் பாதி மிச்சம். தொட வேண்டாம் என்று பார்த்துப் பார்த்துத்தான் தொட்டிருக்கிறீர்கள், அது தெரிகிறது.

நான் அங்கே அண்ணன் வீட்டு மேசையில் இருந்துகொண்டு அது வேண்டாம், இது வேண்டாம் என்று எழுதினேன். நான் எழுதிய சாப்பாட்டில் ஒன்றுகூட இந்த வீட்டில் இருக்கவில்லை. நீங்கள் ஏன் ஒரு வரி எழுதவில்லை? "வீட்டில் ஒன்றுமில்லை ஜோசப்பின்" என்று ஒரு வரி. எழுதியிருந்தால் நான் கோயிலுக்காவது, கிராம சேவகருக்காவது போன் எடுத்திருப்பேன். அன்னப்பூரணி அக்காவிடம் கேட்டேன், "என்னட்டயும் ஒண்டும் கேக்கல்ல பிள்ள" என்றாள்.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை.

வாசற்படியில் பலகை அடித்துச் சரிவு வைக்கச் சொல்லியிருக்கிறேன். இதைக் காக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். அவருக்குப் பதில் எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டாலும் வருவேன்.

ஜோசப்பின்


ஆஸ்பத்திரி
04.10.2021

ஜோசப்பின்,

காக்கா கேற்றில் நிற்கிறாராம், கெதியாக எழுதச் சொல்கிறார்கள்.

ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறாய். குடிபூரல் வீட்டில் பட்டினி போடுகிறாய் என்று கத்தினேன். அதற்குப் பிறகு, எனக்குச் சாப்பிட ஒன்றுமில்லை என்று உனக்கு எப்படி எழுதுவது? இரண்டு தரம் எழுதத் தொடங்கினேன். கிழித்துவிட்டேன். பிட்டு அவித்தேன் என்று எழுதினால் நீ அங்கே நிம்மதியாக இருப்பாய் என்று நினைத்தேன். என் கெட்டித்தனத்தைக் காட்டவும் நினைத்தேன். இரண்டும்தான்.

நடக்கச் சொன்னதால் கால் போனது என்று நீ யோசிக்கிறாய். அதை விடு. செருப்பு அறுந்தது உனக்குத் தெரியாது. அந்த நடை ஒன்றுதான் அந்த நாட்களில் எனக்கு இருந்தது. பின்னேரம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மற்றக் காலையும் டொக்டர் பார்த்தார். குதிகாலில் ஒரு கறுப்பு இருக்கிறது. பார்ப்போம் என்று எழுதிக் காட்டினார். உனக்கு ஒளிக்கக்கூடாது என்று எழுதுகிறேன். வாட்டில் ஒரு பொடிச்சி வந்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழும்பச் சொல்லிப் பழக்குகிறாள். முதல் நாள் விழுந்தேன். இல்லாத காலை ஊன்றப் போனேன். அந்தக் காலில் வருஷக்கணக்காக உணர்வே இல்லை, இப்போது அது இல்லாத இடத்தில் நோகிறது. யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிறார்களாம். சனம் கோயிலுக்குள் இருக்கிற நேரமாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போ. ஒழுங்கையில் ஆட்கள் நின்று பார்க்க நான் இறங்கமாட்டேன். பலகைச் சரிவு நல்லது.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். வாசித்த பிறகு வாட்டுச் சோற்றில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தேன். இறங்கியது. முடிக்க முடியவில்லை, ஆனால் இறங்கியது. இலட்சுமிப்பிள்ளை தட்டைப் பார்த்துவிட்டுத் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும்போதே வயிறு இழுக்கிறது. பசிக்கிறது, ஜோசப்பின். நாளைக்குக் காக்கா இந்தப் பக்கம் வருவார் என்றால் ஏதாவது கொடுத்துவிடு. என்னவென்று நான் கேட்கவில்லை. நீயே பார்.

மத்தேயு